மூன்றாம் பக்கத்தில் நியூசிலாந்து

முஸ்தாக்குக்குத் தன் சகலன் ஸிராஜைக் கண்ணில் காட்டக்கூடாது. இதை அவர் வாய்விட்டு ஒருவரிடமும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை. கல்முனைக்குடியில் அந்த ஒழுங்கையில் மேயும் கோழிகளுக்குக்கூட அது தெரிந்திருந்தது. ஸிராஜ் ஒருவன்தான் தெரியாதவன்போல அண்ணன் முறை வைத்து வாய் நிறையக் ‘காக்கா, காக்கா’ என்று கூப்பிட்டுக்கொண்டு திரிந்தான். முஸ்தாக்குக்கு அதுதான் இன்னும் எரிச்சல்.

இந்தக் கரையில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். மாப்பிள்ளை பெட்டியோடு வந்து ஏறிக்கொள்ள வேண்டியது. ஒரு வளவில் அக்கா றுஸ்னாவுக்கு ஒரு வீடு, தங்கை ஹிமாயாவுக்கு ஒரு வீடு. நடுவில் ஒரு கிணறு, ஒரு முருங்கை. றுஸ்னாவைக் கட்டி வந்தவர் முஸ்தாக், ஹிமாயாவைக் கட்டி வந்தவன் ஸிராஜ். மனைவிமார் அக்கா தங்கை என்றால் புருஷன்மாரும் அண்ணன் தம்பிதான் என்று ஊர் சொல்லும். ஊருக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விடும். ஒரே கிணற்றில் குளித்துவிட்டு மற்றவனின் மேல்மாடியை அண்ணாந்து பார்க்கிறவனுக்குத்தானே தெரியும்.

மேல்மாடி கட்டார்க் காசு. ஸிராஜ் ஏழு வருடம் அங்கே ஒரு விமானத் தளத்தில் வேலை பார்த்தவன். என்ன வேலை என்று கேட்டால் ‘பைலட்டுகளோட’ என்பான். உண்மையில் பைலட்டுகளின் உடுப்போடுதான் வேலை. அவன் சலவைப் பகுதியில் மெஷின் ஓட்டினான். முஸ்தாக்குக்கு இது நன்றாகத் தெரியும். தெரிந்து என்ன பயன்? கலியாண வீடுகளில் ஸிராஜ் வாயைத் திறந்தால் நாலு கதிரை அவன் பக்கம் நகரும். முஸ்தாக் வாயைத் திறந்தால் யாராவது வெற்றிலைத் தட்டைத் தேடுவார்கள்.

விமானங்களைப் பற்றிக் கதைக்க அந்த ஊரில் உரிமை உள்ளவர் ஒருவர் இருந்தார் என்றால் அது முஸ்தாக்தான். பிரதான வீதியில் போட்டோ கொப்பிக் கடை வைத்து, புத்தகமும் கட்டிக் கொடுக்கிறவர். அந்தக் கடையின் பின் அறையில் பச்சை அட்டை போட்டு, முதுகில் தங்க எழுத்துப் பதித்து, அவரே கட்டிய பதினொரு புத்தகங்கள் இருக்கின்றன. உலகத்து விமானப்படைகள் ஒன்றுசேர்ந்து நடத்திய பயிற்சிகளின் வரலாறு, வருட வாரியாக. பத்திரிகைத் துண்டு, இணையத்தில் இறக்கியது, கையால் எழுதியது எல்லாம் அதில் உண்டு. தமிழில் இப்படியொரு தொகுப்பு வேறெங்கும் இல்லை என்று அவர் நம்பினார். இருந்தால்தானே மறுப்பதற்கு.

இந்தப் பைத்தியம் சுனாமியோடு பிடித்தது. அந்த அழிவைப் பற்றி இங்கே கதைக்க வரவில்லை. அது ஒவ்வொரு வீட்டிலும் கிடக்கிறது. மூன்றாம் நாளோ நாலாம் நாளோ பாடசாலை மைதானத்தில் அரிசிக்கு வரிசை நின்றபோது மேலே மூன்று ஹெலிகொப்டர்கள் வந்தன. மூன்றும் வேறு வேறு நாடு. ஒன்று இறங்க ஒன்று ஏற, மூன்றாவது தென்னைக்கு மேலே பொறுத்து நின்றது. முட்டிக்கொள்ளவில்லை. எல்லாரும் அரிசிப் பையைப் பார்க்க, இருபத்தெட்டு வயது முஸ்தாக் அண்ணாந்து நின்றார். வேறு வேறு பாஷைக்காரர்கள் எப்படி ஒரே வானத்தில் வழிவிட்டுப் பறக்கிறார்கள் என்று பக்கத்தில் நின்ற மொழிபெயர்ப்பாளரிடம் கேட்டார். “முன்னமே சேந்து பயிற்சி எடுத்திரிக்கானுகள்” என்று அந்த ஆள் சொல்லிவிட்டுப் போனான். அந்த ஒரு வசனத்தின் பின்னால் முஸ்தாக் இருபது வருடம் போனார்.

போகப் போக அது பெரிய கதையாக விரிந்தது. ஆயிரத்துத் தொளாயிரத்து அறுபத்தொன்றில் புலியைச் சின்னமாக வைத்திருந்த மூன்று நாட்டுப் படையணிகள் இங்கிலாந்தில் கூடினவாம். சின்னம் ஒன்றாக இருந்ததே கூடுவதற்குக் காரணமாம். பிறகு வியட்நாம் போரில் அமெரிக்கர்கள் விழுந்த விமானங்களை எண்ணிப் பார்த்தபோது ஒரு விஷயம் தெரிந்தது. ஒரு பைலட்டின் முதல் பத்துப் பறப்புக்குள்தான் சாவு அதிகம். பத்தைத் தாண்டியவன் பெரும்பாலும் வீடு திரும்புகிறான். அப்படியென்றால் அந்த முதல் பத்தையும் சாகாமல் பறக்கப் பழக்கினால் என்ன? எழுபத்தைந்தாம் ஆண்டு நெவாடாப் பாலைவனத்தில் தொடங்கினார்கள். தங்கள் ஆட்களிலேயே கெட்டிக்காரர்களைத் தெரிந்தெடுத்து, எதிரியின் நிறத்தை விமானத்தில் பூசி, எதிரியைப் போலவே பறக்கச் சொன்னார்கள். கொஞ்சக் காலத்தில் மற்ற நாடுகளும் வந்து சேர்ந்தன. எழுபத்தெட்டில் கனடா. எண்பத்தொன்றில் அவுஸ்திரேலியா தன்னுடைய சொந்தப் பயிற்சியைத் தொடங்கியது; டார்வின் பக்கத்தில், விளக்கே இல்லாத பெருவெளிக்கு மேலே. அதன் பெயர் பிட்ச் பிளாக். தொண்ணூறுகளில் தாய்லாந்தும் சிங்கப்பூரும். அதற்குப் பிறகு, குண்டுக்குப் பதிலாக மருந்துப் பெட்டி ஏற்றிப் பழகும் பயிற்சிகள்.

இதையெல்லாம் கேட்க ஆள்? வீட்டில் றுஸ்னா. பகல் சோற்றுக்கு வந்தால் முஸ்தாக் ஒரு கவளம் உருட்டுவார், ஒரு வருடம் சொல்வார். அவள் மீன் முள் எடுத்துக்கொண்டோ, வெங்காயம் உரித்துக்கொண்டோ ‘ம்’ போடுவாள். நெவாடாவில் விமானங்கள் திரும்பும் நேரம் பார்த்துக் “கறி காணுமா, இன்னும் போடவா?” என்று கேட்பாள். முஸ்தாக்குக்கு உள்ளம் விட்டுப்போகும். அதே றுஸ்னா கிணற்றடியில் ஸிராஜ் கட்டார்க் கதை சொன்னால் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரிப்பாள். முஸ்தாக் அதைக் கண்டும் இருக்கிறார், எண்ணியும் இருக்கிறார்.

எல்லாவற்றிலும் மேலாக அந்தத் தொப்பி. கருநீலத் தொப்பி, முன்னால் ஒரு பயிற்சியின் தைத்த சின்னம். ஒரு பைலட் போகும்போது ஸிராஜுக்குக் கொடுத்தது. ஸிராஜ் வீட்டு மண்டபத்தில் ஆணியில் தொங்கும். அதில் இருக்கும் கழுகு எந்தப் படையணி, எந்த வருடப் பயிற்சி என்று முஸ்தாக்குக்குத் தெரியும். ஸிராஜுக்கு அது கழுகா காகமா என்றே நிச்சயமில்லை. ஒரு பெருநாள் அன்று எல்லாரும் பின்பக்கம் சாப்பாட்டில் நிற்க, முஸ்தாக் அந்தத் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக் கண்ணாடி பார்த்தார். கொஞ்சம் பெரிதாக இருந்தது. அதற்கும் ஸிராஜின் மேல்தான் கோபம் வந்தது.

இப்படி இருக்கும்போதுதான் அந்தச் செய்தி வந்தது. ஏழு நாட்டு விமானப்படைகள் அம்பாறையில் கூட்டுப் பயிற்சி செய்யப்போகின்றன. வெள்ளம், சூறாவளி வந்தால் எப்படி ஆட்களைக் காப்பது என்ற பயிற்சி. அதில் ஒரு நாள் கல்முனையில்: பாடசாலை மைதானத்தில் மருத்துவ முகாம், கடற்கரையில் ஹெலிகொப்டரிலிருந்து கயிற்றில் ஆள் தூக்கிக் காட்டுவது. ஊரில் உடனே புரளி கிளம்பியது. வெள்ளைக்காரன் கடற்கரையைப் பிடிக்க வாறான் என்றார் ஒருவர். கடலுக்கடியில் எண்ணெய் இருக்கிறதாம் என்றார் இன்னொருவர். ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் வாசலில் இதே கதைதான். ஆகையால் தொடக்க விழாவில் இந்தப் பயிற்சிகள் என்ன, எப்போது தொடங்கின, ஏன் செய்கிறார்கள் என்று ஊர் ஆள் ஒருவரே தமிழில் பத்து நிமிடம் விளக்க வேண்டும் என்று ஏற்பாட்டுக் குழு தீர்மானித்தது.

முஸ்தாக் அன்று கடையைப் பத்து மணிக்கே பூட்டிவிட்டு வெள்ளைச் சேட் துணி எடுக்கப் போனார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. ஆனால் வேறு யாரைக் கூப்பிடுவார்கள்? இருபது வருடம் ஒரு கதவுக்கு முன்னால் நின்றவருக்குக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. மூன்று நாள் பொறுத்தார். நாலாம் நாள் ஒரு புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு குழுவுக்குப் பொறுப்பான உத்தியோகத்தர், சித்தி லைலா என்று பெயர் கொண்டவளிடம் தானே போனார்.

சித்தி லைலா நல்ல பெண். புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, கட்டு மிக அழகாக இருக்கிறது என்றாள். கட்டு. பிறகு, பேசுவதற்கு ஆள் ஏற்கெனவே தெரிவாகிவிட்டது என்றும், விமானப்படையோடு வேலை செய்த அனுபவம் உள்ளவர், அவர்களுக்கும் அது சந்தோஷமாக இருக்கும் என்றும் சொன்னாள். யார் என்று முஸ்தாக் கேட்கவில்லை. அவளாகவே சொன்னாள். “ஒங்கட சகலன்தானே காக்கா, உங்களுக்குச் சொல்லல்லியா?”

முஸ்தாக் வீதிக்கு வந்தபோது வெயில் கண்ணில் குத்தியது. சைக்கிளை எங்கே வைத்தோம் என்பதே நினைவில் இல்லை. சலவைக்காரன், என்று நினைத்தார். உடுப்புத் துவைத்தவன். வயிறு பற்றி எரிந்தது. இதை வேறு விதமாகச் சொல்ல முடியாது, உண்மையிலேயே எரிந்தது. மருந்துக் கடையில் இரண்டு குளிசை வாங்கிப் போட்டார்.

அந்த ஞாயிறு சொந்தத்தில் ஒரு கலியாணம். ஒரு சஹன் தட்டைச் சுற்றி ஆறு பேர் இருந்து சாப்பிடுவது. சகலன்மார் இருவரும் ஒரே சஹனில்தான் இருக்க வேண்டும், தள்ளி இருந்தால் அடுத்த நாள் ஊர் கேட்கும். ஸிராஜ் எப்போதும்போல் இறைச்சியில் நல்ல துண்டாகப் பார்த்து முஸ்தாக்கின் பக்கம் தள்ளிவைத்தான். மூத்த சகலனுக்கு இளையவன் செய்ய வேண்டிய மரியாதை. முஸ்தாக் அதைத் தொடாமல் சுற்றிலும் சோற்றைக் கிள்ளிக்கொண்டிருந்தார். அப்போது ஸிராஜ் காதுக்குள் குனிந்தான்.

“காக்கா, மேடையில ஏத்திட்டானுகள். எனக்கு வாயால நாலு கத உடத் தெரியிம், இந்த வரலாறு கிரலாறு ஒண்டும் தெரியா. நீங்க எழுதித் தந்தீங்கெண்டா நான் வாசிச்சிருவன்.”

மற்ற நாலு பேரும் காதைத் தீட்டிக்கொண்டு சோறு பிசைந்தார்கள். மறுக்க வழியில்லை. “எழுதித் தாறன்” என்றார் முஸ்தாக்.

கடையில் இருந்து எழுதினார். அரைகுறையாக எழுதி ஒப்பேற்றிவிடலாம் என்றுதான் பேனையைத் திறந்தார். ஆனால் கை கேட்கவில்லை. இருபது வருடம் அடைத்து வைத்தது வரிசையாக வந்தது. புலிச் சின்னக்காரர்கள் கூடியது முதல் பக்கம். முதல் பத்துப் பறப்பு இரண்டாம் பக்கம். ‘சண்டையில் சாகாமல் இருக்கச் சண்டையைப் போலவே விளையாடிப் பழகினார்கள், இன்று வெள்ளத்தில் சாகாமல் இருக்க வெள்ளத்தைப் போலவே விளையாடிக் காட்டப்போகிறார்கள்’ என்று எழுதி, தானே இரண்டு தரம் வாசித்தார். அவ்வளவு நல்ல வசனத்தை ஸிராஜின் வாய் சொல்லப்போகிறதே என்று நினைத்துப் பேனையை மூடிவைத்தார்.

அந்த நேரம் பார்த்து விழா நிகழ்ச்சி நிரலைக் கொப்பி எடுக்க அவரிடமே கொண்டுவந்தார்கள். இருநூறு பிரதி. மெஷின் ஒவ்வொன்றாகத் துப்ப, முஸ்தாக் விருந்தினர் பட்டியலை வாசித்தார். முதல் வரிசை, முதல் பெயர்: அவுஸ்திரேலிய விமானப்படை விங் கமாண்டர். உரைகளை ஆங்கிலத்தில் உடனுக்குடன் சொல்ல ஆள் இருக்கிறது என்றும் போட்டிருந்தது.

முஸ்தாக் மூன்றாம் பக்கத்தை எடுத்தார். ‘ஆயிரத்துத் தொளாயிரத்து எண்பத்தொன்றில் பிட்ச் பிளாக் என்ற பெரும் பயிற்சியைத் தொடங்கிய பெருமை’ என்று எழுதி ஒரு கணம் நின்றார். பிறகு ‘நியூசிலாந்தைச் சேரும்’ என்று முடித்தார்.

வேறெந்தப் பிழையும் இவ்வளவு அழகாக வந்திருக்காது. அவுஸ்திரேலியாக்காரனின் பிள்ளையைப் பக்கத்து வீட்டுக்காரனின் பிள்ளை என்று அவன் முகத்துக்கு முன்னாலேயே சொல்வது. முதல் வரிசை சிரிக்கும். மொழிபெயர்ப்பாளர் விளக்கப் போவார், ஊரும் சிரிக்கும். பைலட்டுகளோடு இருந்தேன் என்றவனுக்கு இதுகூடத் தெரியாதா என்று பள்ளிவாசல் வாசலில் ஒரு மாதம் கதைப்பார்கள். முஸ்தாக்குக்கு அன்று வயிறு எரியவில்லை. பக்கங்களை ஒன்றாகப் பிணைத்து உறையிலிட்டுக் கொடுக்கும்போது, “ஒரு எழுத்தும் மாத்தாம வாசிக்கணும்” என்றுகூடச் சொன்னார். “உங்கட எழுத்த நான் மாத்துவனா காக்கா” என்றான் ஸிராஜ்.

அடுத்த வாரம் முழுதும் முஸ்தாக் கடையில் இருக்கும் நேரம் பார்த்து ஸிராஜ் கிணற்றடியில் நின்று சத்தமாக வாசித்துப் பழகினான். சோற்றுக்கு வரும்போது றுஸ்னா சொன்னாள், தம்பி நல்ல வடிவாக வாசிக்கிறான் என்று. என் வசனம், அவனுக்குப் பேர், என்று முஸ்தாக் மீனைப் பிய்த்தார். கொஞ்சம் இருந்த உறுத்தலும் அத்தோடு போனது.

விழா நாள் காலை மைதானத்தில் உப்புக்காற்று பந்தல் சீலையை உதறிக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் நிஜ ஹெலிகொப்டர் ஒன்று, இறக்கை கட்டி நிறுத்தியபடி. முஸ்தாக்குக்கு மூன்றாம் வரிசையில் ஓரக் கதிரை. பெண்கள் பக்கத்தில் றுஸ்னாவும் ஹிமாயாவும் முன்னுக்கே இடம்பிடித்திருந்தார்கள். குர்ஆன் கிறாஅத் ஓதி முடிந்து, வரவேற்புரை முடிந்து, ஸிராஜின் பெயரைக் கூப்பிட்டார்கள். அவன் அந்தக் கருநீலத் தொப்பியோடு மேடையேறினான். முன்வரிசையில் இருந்த ஒரு வெள்ளைக்கார அதிகாரி தொப்பியைக் கண்டு பக்கத்தவரிடம் எதையோ காட்டிச் சிரித்தார். முஸ்தாக் பல்லைக் கடித்துக்கொண்டு, இன்னும் ஐந்து நிமிடம், என்று தனக்குச் சொல்லிக்கொண்டார்.

ஸிராஜ் ஸலாம் சொன்னான். உறையைப் பிரித்தான். பிறகு தாளைப் பார்க்காமல் நிமிர்ந்து கதைத்தான்.

“இத நான் எழுதல்ல. எனக்கு இந்த அறிவு இல்ல. இத எழுதினது என்ட சகலன், கொப்பிக் கட முஸ்தாக் காக்கா. இருவது வரிசமாப் படிச்ச மனிசன். இஞ்ச நிக்க வேண்டியவர் அவர்தான். பிழ வந்தா என்ட வாயில, சரியெல்லாம் அவர்ர. காக்கா, கொஞ்சம் எழும்புங்க.”

முஸ்தாக் எழும்பவில்லை. பக்கத்தில் இருந்தவர் தோளைப் பிடித்து எழுப்பிவிட்டார். முழு மைதானமும் கை தட்டியது. மொழிபெயர்ப்பாளர் சொன்னதைக் கேட்ட அவுஸ்திரேலிய விங் கமாண்டர் கதிரையோடு திரும்பி, முஸ்தாக்கின் கண்ணைப் பார்த்துத் தலை குனிந்து மரியாதை செய்தார். இருபது வருடமாக அவர் ஆசைப்பட்டது இதுதான். இதைவிட ஒரு சின்னத் துண்டு கிடைத்திருந்தாலும் போதும் என்றிருந்தவர். முழுதாகக் கிடைத்தது. கைதட்டல் அடங்க, கதிரையில் இருந்துகொண்டார்.

ஆனால் மூன்றாம் பக்கத்தில் நியூசிலாந்து இருந்தது. இப்போது அது ஸிராஜின் நியூசிலாந்து இல்லை. முஸ்தாக்கின் நியூசிலாந்து.

ஸிராஜ் வாசிக்கத் தொடங்கினான். றுஸ்னா சொன்னது பொய்யில்லை, நன்றாகவே வாசித்தான். புலிச் சின்னக்காரர்கள் கூடிய இடத்தில் சனம் சிரித்தது. முதல் பக்கம் முடிந்தது. வியட்நாமில் பைலட்டுகள் விழுந்த இடத்தில் மைதானம் அடங்கியது. முதல் பத்துப் பறப்பு வந்தபோது பள்ளிவாசல் வாசலில் எண்ணெய்க் கதை சொன்ன மனிதரே வாயைப் பிளந்துகொண்டு கேட்டார். எப்போதாவது இப்படிக் கேட்பார்களா என்று முஸ்தாக் ஏங்கிய கேட்பு. ஒவ்வொரு வசனமும் போகப் போக மூன்றாம் பக்கம் கிட்ட வந்தது. மேடைக்கு ஒரு துண்டு அனுப்பலாமா? பேனை இல்லை. கையைக் காட்டலாமா? ஸிராஜின் கண் தாளிலேயே இருந்தது. பேசாமல் இருந்துவிட்டுப் பிறகு ஸிராஜ்தான் பிழையாக வாசித்தான் என்று சொல்லலாமா என்றும் ஒரு யோசனை வந்தது. அந்த யோசனை வந்ததற்காகப் பிற்பாடு அவர் வெட்கப்பட்டார். அந்த நேரம் வெட்கப்பட நேரமில்லை.

‘வெள்ளத்தைப் போலவே விளையாடிக் காட்டப்போகிறார்கள்’ என்று ஸிராஜ் இரண்டாம் பக்கத்தை முடித்தான். கை தட்டினார்கள். அவன் விரலை நாவில் தொட்டு மூன்றாம் பக்கத்தைப் புரட்டினான். முஸ்தாக் எழும்பிவிட்டார்.

“நிப்பாட்டு ஸிராஜ். வாசிக்காத. நியூசிலாந்து எண்டு இரிக்கிறது பிழ. அது அவுஸ்திரேலியா.”

கை தட்டல் நின்றது. பந்தல் சீலை மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. ஸிராஜ் முஸ்தாக்கைப் பார்த்தான், தாளைக் குனிந்து பார்த்தான், மறுபடியும் நிமிர்ந்தான்.

“காக்கா, இஞ்ச அவுஸ்திரேலியா எண்டுதானே இரிக்கி.”

ஒலிவாங்கி அவன் வாய்க்கு நேரே இருந்தது. மைதானத்தின் கடைசிக் கதிரை வரைக்கும் கேட்டது. எங்கோ ஒருவர் சிரிக்க, பத்துப் பேர் சேர்ந்துகொண்டார்கள். சகலன் மைக்கைப் பிடித்தது பொறுக்க முடியாமல் மனிதன் எழும்பிவிட்டான், வாசிக்காத வரியில் பிழை பிடிக்கிறான் என்று ஊர் விளங்கிக்கொண்டது. ஊர் விளங்கிக்கொண்டதிலும் பெரிய பிழை இல்லை. விங் கமாண்டர் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டு, அவரும் நல்ல மனதோடு சிரித்தார்.

ஸிராஜ் சிரிக்கவில்லை. அவன் தாளைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் முகத்தில் ஏதோ மெல்ல மெல்ல விளங்கி வருவதை முஸ்தாக் மூன்றாம் வரிசையிலிருந்து கண்டார். ஒரு எழுத்தும் மாத்தாம வாசிக்கணும் என்று சொன்னது அவனுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு மிச்சத்தை வாசித்து முடித்தான். குரலில் பழைய துள்ளல் இல்லை. இறங்கி வந்து, அதிகாரிகளோடு ஹெலிகொப்டர் பக்கம் போகும்போது முஸ்தாக்கின் கதிரையைத் தாண்டித்தான் போனான். காக்கா என்று கூப்பிடவில்லை. பதினைந்து வருடத்தில் அதுதான் முதல் தடவை. அந்தச் சொல்லைக் கேட்டு எரிந்த மனிதருக்கு, அது வராதபோது என்ன செய்வதென்று தெரியவில்லை.

கடற்கரையில் கயிற்றில் ஆள் தூக்கிக் காட்டியதை முஸ்தாக் பார்க்கவில்லை. வாழ்நாளில் ஒரே ஒரு தடவை அவருடைய ஊருக்கு வந்த பயிற்சி. சத்தம் மட்டும் வீட்டுக் கூரைக்கு மேலால் போய்வந்தது.

பகல் றுஸ்னா வந்து, உடுப்பு மாற்றி, சோறு போட்டாள். முஸ்தாக்தான் கேட்டார், யார் அதைத் திருத்தியது என்று. குரல் தனக்கே கேட்காத மாதிரி இருந்தது.

“நான்தான்” என்றாள் றுஸ்னா. “தம்பி கிணத்தடியில வாசிக்கக்குள்ள நியூசிலாந்து எண்டான். நில்லுங்க தம்பி, அது அவுஸ்திரேலியா, எண்பத்தொண்டு, டார்வின்ல, வெளக்கில்லாத எடத்துக்கு மேல எண்டு சொல்லி, பேனைய எடுத்து வெட்டி எழுதிக் குடுத்தன். காக்கா மாத்த வேணாமெண்டவர் எண்டு அவன் பயந்தான். அவர் இருவது வரிசமா எனக்குச் சொல்ற, அவருக்கு இது பிழைக்காது, கை தவறியிரிக்கும் எண்டு நான் சொன்னன்.”

முஸ்தாக் கையைச் சோற்றிலேயே வைத்துக்கொண்டிருந்தார். நெவாடாவும் புலிச் சின்னமும் வெங்காயத்தோடு வெங்காயமாகப் போய்விட்டன என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தார். அவள் ஒன்றையும் விட்டிருக்கவில்லை.

“கை தவறினா, அது தாளில இரிக்கிறது ஒங்களுக்கு எப்பிடித் தெரியிம்?” என்றாள்.

அடுத்த வீட்டில் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. றுஸ்னா எழும்பிப் பானையை மூடினாள். கறி காணுமா என்று அன்று கேட்கவில்லை.